ரிங் லைட் வாங்கியும் ஃப்ளை ஃபோட்டோ ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை கட்டும் ஒருவர், தான் கட்டியதைப் படமெடுக்கப் பத்து அங்குல ரிங் லைட் (நடுவில் ஃபோன் மாட்டும் வளைய லைட்) ஒன்று வாங்கியிருக்கிறார். படம் தட்டையாக வருகிறது. தலையில் கோத்த பித்தளை மணிக்குள் வெள்ளை வளையம் ஒன்று தெரிகிறது. கறுப்பு இறகில் கட்டிய ஃப்ளை வெறும் கரி உருண்டையாகத் தெரிகிறது. "ஐயாயிரத்துக்குள் அடுத்து எந்த லைட் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். இந்த மூன்று கோளாறில் ஒன்றுகூட வெளிச்சம் போதாமல் வந்ததில்லை. மூன்றுமே லைட் நிற்கும் இடத்தால் வந்தவை. அதனால் அவர் கேட்க நினைத்தது, இருக்கிற லைட்டை எங்கே வைப்பது என்பதாகத்தான் இருக்க வேண்டும். ஐயாயிரத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள், கடைசியில் கொஞ்சம் பேப்பரும் ஒரு பல்பும் மட்டும் வாங்கச் சொல்வேன்.

ஃப்ளை என்றால் என்னவென்று தெரியாமல் உள்ளே வந்தவர்களுக்கு ஒரு வரி: மண்புழுவுக்குப் பதிலாகத் தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, முடி, கம்பி எல்லாம் சுற்றி, பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ கையால் கட்டுகிற பொய் இரை. வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் நூறு வருடம் தாண்டியும் அவலாஞ்சி பக்கம் இருப்பதால், அங்கே இதைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், எதை நம்பலாம் எதை நம்பக் கூடாது என்று நீங்கள் பிரித்துக்கொள்ளலாம். நான் ஃப்ளை கட்டுகிறவன் இல்லை, தூண்டில் பிடித்ததே நாலைந்து தடவைதான். கோயம்புத்தூரில் பதினெட்டு வருடமாக நகைக்கடைகளுக்கு கேட்டலாக் படம் எடுக்கிறேன். ஊட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் வருடத்துக்கு ஐம்பது அறுபது ஃப்ளையை மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து இறக்குவார். மூக்குத்தி எடுத்த கைக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன், முதல் நாளே மாட்டிக்கொண்டேன். ஆக, லைட் பற்றிச் சொல்வது வேலையில் கற்றது. ஹேக்கிள் (முள்ளைச் சுற்றிச் சிலிர்த்து நிற்கும் இறகு) அளவு சரியா, வால் நீளம் சரியா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

ஏன் மாட்டிக்கொண்டேன் என்றால், நகையில் பெரும்பாலும் பளபளப்பு ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். ஃப்ளையில் அப்படி இல்லை. மணி வைத்த ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள், ஃபெசன்ட் பறவையின் வால் இறகில், தண்ணீருக்கடியில் வாழும் இளம்பூச்சி மாதிரி கட்டுவது. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர் இதை முதலில் கட்டியபோது நூலே கிடையாது, மெல்லிய செம்புக் கம்பியாலேயே முழுவதையும் கட்டினார். மணி பின்னால் மற்றவர்கள் சேர்த்தது. 14ஆம் நம்பர் முள்ளில் கட்டினால் மொத்தமே ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வரும். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் தலையில் மணி, அது கண்ணாடி மாதிரி. உடம்பில் பழுப்பு இறகு, அது கம்பளித் துணி மாதிரி. இன்று பலர் நெஞ்சுப் பகுதிக்கு மயில் இறகின் ஈர்க்கை, அதாவது தண்டிலிருந்து கிளைக்கும் நாரை, சுற்றுகிறார்கள், அது சோப்புக் குமிழி மாதிரி, பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். கண்ணாடி, கம்பளி, சோப்புக் குமிழி மூன்றையும் அடுத்தடுத்து வைத்து ஒரே லைட்டில் எடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஒன்றுக்கு ஏற்ற லைட் இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு ஃப்ளையிலும் யார் கதாநாயகன் என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டு, லைட்டை அவருக்கு வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் நான் செய்வது.

முதலில் மணி. அது ஒரு குட்டிக் குவி ஆடி. தன் பித்தளைச் சாயத்தைக் கொஞ்சம் பூசி, அறை முழுவதையும் உங்களுக்குத் திருப்பிக் காட்டும். உங்கள் படத்தில் இருக்கும் வெள்ளை வளையத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் கறுப்பாக உங்கள் ஃபோன் தெரியும், விரல்கூடத் தெரியலாம். ஒரு தடவை ஒரு தங்க நிற மணியின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு ஒன்று வந்தது. நான் அப்படி ஒரு நூலே கட்டவில்லை, படத்தில் ஏதோ பண்ணிவிட்டாய் என்று நண்பர் சண்டைக்கு வந்தார். அரை மணி நேரம் தேடிய பிறகுதான் அது நான் போட்டிருந்த டி-ஷர்ட் என்று தெரிந்தது. அதிலிருந்து மணி வைத்த ஃப்ளை எடுக்கிற நாளில் கறுப்புச் சட்டைதான். மாலை போட்டிருக்கிறீர்களா என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

மணி எதிரே இருப்பதைக் காட்டும் என்றால், அது பார்க்கிற இடத்தில் அழகான ஒன்றை வைப்பதுதான் வழி. இங்கேதான் லைட்டின் அளவு வருகிறது. வெளிச்சம் மென்மையா கடுமையா என்பதை வாட் தீர்மானிப்பதில்லை. ஃப்ளை உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் லைட் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதுதான் கணக்கு. சூரியன் எவ்வளவோ பெரிது, ஆனால் நமக்கு வானத்தில் அரை டிகிரிதான் தெரிகிறது, அதனால் உச்சி வெயில் நிழல் கத்தியால் வெட்டிய மாதிரி விழுகிறது. அதே சமயம் ஏ4 அளவு ட்ரேசிங் பேப்பர் ஒன்றை வில் மாதிரி வளைத்து, ஃப்ளைக்கு மேலே 8 சென்டிமீட்டரில் நிறுத்தினால், அந்த ஃப்ளைக்கு அது பாதி வானம். பேப்பருக்கு வெளியே சாதாரண டேபிள் லாம்ப் போதும். ஸ்டுடியோக்காரர்கள் ஆள் உயர சாஃப்ட்பாக்ஸ் (லைட்டின் முன் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி) வைத்து ஒரு மனுஷருக்குச் செய்வதை நாம் ஃப்ளைக்கு ஒரே ஒரு பேப்பரில் செய்துவிடலாம். பொருள் சின்னதாக இருப்பதில் இருக்கிற ஒரே லாபம் இதுதான்.

மென்மை நல்லதுதானே என்று சுற்றிலும் வெள்ளையாக மூடிவிடாதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் நகைகளை வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் வைத்து நாலு பக்கமும் லைட் போட்டு எடுத்தேன். நிழலே இல்லை, பளிச்சென்று இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. கடைக்காரர் நாற்பது படத்தையும் திருப்பி அனுப்பினார், "இது தங்கமா, மஞ்சள் பிளாஸ்டிக்கா?" என்று. அப்போது கூட இருந்த மூத்தவர் ஒருவர் எதுவும் சொல்லாமல் கறுப்பு சார்ட்டில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, கூடாரத்துக்குள் ஒரு ஓரமாக நிறுத்தினார். ஜிமிக்கியின் விளிம்பில் ஒரு கரிய கோடு ஓடியது, அதே நொடியில் அது தங்கமானது. உலோகம் உலோகமாகத் தெரிய வெள்ளை மட்டும் போதாது, பக்கத்திலேயே ஒரு கறுப்பும் வேண்டும். மணிக்கும் முள்ளின் வளைவுக்கும் இதேதான். மேலே வளைந்த பேப்பர் மணியின் மேல்பாதியில் ஒரு வெளிர் பட்டையாக விழும், கேமரா பக்கம் ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை போட்டு மாட்டினால் மணியின் கீழ்ப்பாதி இருளும், இரண்டுக்கும் நடுவில் மெல்ல மாறுகிற இடத்தில் உருண்டை உருண்டையாகத் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, எந்த ஃப்ளையில் வேண்டுமானாலும் செய்து பாருங்கள்.

அடுத்து கறுப்பு ஃப்ளை. நீங்கள் சொன்னது வூலி பக்கர் மாதிரி தெரிகிறது, 1967ல் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் கட்டியது, வால் புசுபுசுவென்று மராபூ இறகு. கறுப்பை முன்னாலிருந்து எவ்வளவு லைட் அடித்தாலும் குடித்துவிடும். நீங்கள் லைட்டைக் கூட்டக் கூட்ட பேக்ரவுண்டும் மணியும் வெளுக்குமே தவிர இறகு அப்படியேதான் இருக்கும். கறுப்பில் நாம் பார்ப்பதெல்லாம் அதன் மேல் ஓடுகிற மினுக்கைத்தான். எண்ணெய் தடவி வாரிய தலையை யோசியுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரின் தலையில்தான் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும், நேர் எதிரே டார்ச் அடித்தால் தெரியாது. ஃப்ளைக்கும் லைட் பின்னாலிருந்து, கொஞ்சம் மேலிருந்து உரசிக்கொண்டு வரவேண்டும். கடிகார முகப்பைத் தரையில் படுக்க வைத்த மாதிரி நினைத்து, நீங்கள் ஆறு மணியில் இருந்தால், லாம்ப் பதினொரு மணியில். இதற்கு இரண்டாவது லைட்கூட வேண்டாம், மேக்கப் பெட்டியிலிருக்கும் குட்டிக் கண்ணாடியை ஃப்ளைக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், களிமண்ணில் குத்தி நிறுத்தி, மெயின் லைட்டிலிருந்து வருவதை இறகின் மேல் திருப்புங்கள். வெளிர் நிற ஹேக்கிள் என்றால் பின்வெளிச்சம் அதற்குள்ளேயே ஊடுருவி நாரெல்லாம் உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும். முயல் ரோமத்தை முறுக்கிச் சுற்றிய உடம்பில் இதைச் செய்தால் சுற்றிலும் ஒளிவட்டம் மாதிரி பிசிறு நிற்கும், அந்தப் பிசிறுதான் தண்ணீரில் உயிர் மாதிரி அசைகிறது என்று கட்டுகிறவர்கள் சொல்கிறார்கள்.

பின்வெளிச்சத்தில் ஒரு வம்பு உண்டு. கொஞ்சம் தவறினால் லென்ஸுக்குள் நேராக விழுந்து படம் முழுக்கப் பனிமூட்டம் போட்ட மாதிரி வெளுத்துவிடும். எடுக்கும் முன் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள், அதில் லாம்ப் தெரிந்தால் நடுவில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். பாதிப் பேர் இந்த வெளுப்பைப் பார்த்துவிட்டு லென்ஸ் சரியில்லை என்று வேறு லென்ஸ் வாங்கப் போகிறார்கள்.

மயில் ஈர்க்கு விஷயத்தில் நான் சொன்ன மென்மை எல்லாம் கொஞ்சம் தலைகீழாகிறது. அந்தப் பச்சையும் வெண்கலமும் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்இழைகளுக்குள் மெலனின் குச்சிகள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கி இருக்கின்றன, வெளிச்சம் அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் கோணத்தால் நிறம் பிறக்கிறது. எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வெளிச்சம் வந்தால் எல்லாக் கோணத்து நிறமும் கலந்து, மயில் ஈர்க்கு அழுக்குப் பச்சைக் கம்பளி மாதிரி ஆகிவிடும். அதனால் மயில் கதாநாயகனாக இருந்தால் பேப்பருக்கு ஒரு பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு, சின்ன எல்இடி ஒன்றை நேரடியாக விடுகிறேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே அந்த எல்இடியை இரண்டு விரல்கடை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் பச்சை சட்டென்று பற்றிக்கொள்ளும், இன்னும் ஒரு விரல்கடை போனால் செம்பாக மாறும். இதில் எது சரியான நிறம் என்று கேட்டால் இரண்டுமே சரிதான், எதைக் காட்டுவது என்பது உங்கள் இஷ்டம்.

போலரைசர் ஃபில்டர் போட்டால் பளபளப்பெல்லாம் போய்விடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. லென்ஸில் மட்டும் போலரைசர் மாட்டினால் வார்னிஷ் பூசிய தலை, இறகு மாதிரி உலோகமல்லாதவற்றின் மினுக்கைச் சாய்வான கோணத்தில் நன்றாகக் குறைக்கும். மணியிலும் முள்ளிலும் அது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. லைட்டுக்கு ஒன்று, லென்ஸுக்கு ஒன்று என்று இரண்டைக் குறுக்காக வைத்தால் உலோகத்தின் பளபளப்பும் செத்துவிடும், கூடவே மயில் ஈர்க்கின் நிறமும் டின்சலின் (மினுக்கும் ஜரிகையின்) உயிரும் செத்துவிடும். அருங்காட்சியகத்தில் பதிவுக்கு எடுக்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம், நான் இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டேன். போலரைசர் உண்மையிலேயே கைகொடுத்த ஓர் இடம் காட்டுக்கோழி இறகு. ஜாக் ஸ்காட் மாதிரி விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளைகளின் கன்னத்தில் வைக்கிற அந்த மெழுகுத் துளி போட்ட இறகு வேறெங்கோ இருந்து வந்ததில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுதான். இங்கே அது பாதுகாக்கப்பட்ட பறவை, அதனால் இறகுக்காகக் கோழியைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள். நண்பரின் தாத்தா காலத்து ஃப்ளை ஒன்றில் இருந்ததைத்தான் நான் எடுத்தேன். அந்த மெழுகுத் தகடு மேலே இருக்கிற பேப்பரை அப்படியே பிரதிபலித்து வெள்ளையாகிவிட்டது, போலரைசரைக் கால் சுற்று திருப்பியதும் உள்ளே இருந்த தேன் நிறம் வெளியே வந்தது. பழைய சால்மன் ஃப்ளை நான் எடுத்ததே மூன்றுதான், அதனால் அந்த வகைக்கு இதையே விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேக்ரவுண்ட் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் படம் தட்டையாகத் தெரிய அதுவும் ஒரு காரணம். லைட் ஃப்ளைக்கு முன்னால் 15 சென்டிமீட்டரில் இருக்கிறது, பேக்ரவுண்ட் பேப்பர் ஃப்ளைக்குப் பின்னால் 60 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். லைட்டிலிருந்து பேப்பருக்கு 75, அதாவது ஐந்து மடங்கு தூரம், வெளிச்சம் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய இளநீலப் பேப்பர் படத்தில் கிட்டத்தட்ட கறுப்பாக வரும். கறுப்பு ஃப்ளை, கறுப்பு பேக்ரவுண்ட், அப்புறம் எங்கே தெரியும்? பேப்பரைக் கிட்டே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் அதற்கென்று தனியாக ஒரு சின்ன லைட் அடியுங்கள். நிறத்தில் எனக்குப் பிடித்தது சிமெண்ட் சாம்பல், மங்கிய நீலம், பாசிப் பச்சை. கிளிப்பச்சை சார்ட் வேண்டாம், அது மணியிலும் முள்ளிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். தூய வெள்ளையில் வெளிர் ஹேக்கிளின் நுனிகள் கரைந்துபோகும்.

லைட்டின் நிறத்துக்கு வருகிறேன். மலிவான எல்இடி பல்புகளில் ஆழமான சிவப்பு குறைவு, அதனால் ஃபெசன்ட் வாலின் செம்பழுப்பு கஞ்சிப் பழுப்பாக வரும், அதை எடிட்டிங்கில் முழுதாக மீட்க முடியாது. பெட்டியில் சிஆர்ஐ 95 (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூறுக்குப் போடும் மதிப்பெண்) என்று போட்ட பல்ப் ஒன்று வாங்குங்கள், நான் சொன்ன செலவில் இது ஒன்றுதான் கட்டாயம். அதை எரியவிட்டு, அறையின் ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சாம்பல் அட்டை ஒன்றைப் படமெடுத்து, அது சாம்பலாகவே வரும்படி ஒயிட் பேலன்ஸ் வையுங்கள். இன்னொன்று, பளீர் வெள்ளை நூல்களிலும் செயற்கை இழைகளிலும் வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரி ஒரு வெண்மையூட்டி இருக்கும். அது புற ஊதாவில் ஒளிரும். பகல் வெளிச்சத்தில் நீல வெள்ளையாகத் தெரிகிற நூல் புற ஊதா இல்லாத எல்இடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தால் கேமராவைத் திட்டாதீர்கள்.

ஜன்னல் வெளிச்சம் போதாதா என்றால், குன்னூரில் மேகம் மூடிய காலை உங்களுக்கு ஓசியில் கிடைக்கிற சாஃப்ட்பாக்ஸ், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் "வடக்கு ஜன்னலில் வெயிலே வராது" என்று படித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஐரோப்பாக்காரர் கணக்கு. நீலகிரி இருப்பது பதினோரு டிகிரி சொச்சத்தில், ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரைக்கும் உச்சி வேளைச் சூரியனே நமக்கு வடக்கே இருக்கும். அந்த நாலு மாதம் தெற்கு ஜன்னல்தான் சாது.

சரி, ஃபோகஸ். இது லைட் விஷயம் இல்லை என்று தோன்றும், ஆனால் எவ்வளவு லைட் வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் பொருளின் அசல் அளவுக்கே, அதாவது 1:1ல், எஃப்/8 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சின்னது) வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான். ஆடம்ஸ் மாதிரி உலர் ஃப்ளையின், அதாவது தண்ணீர் மேல் மிதக்கும் ஃப்ளையின், ஹேக்கிள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். உடனே எஃப்/22க்கு ஓடாதீர்கள். 1:1ல் எஃப்/16 என்பதே எஃப்/32 மாதிரி நடந்துகொள்ளும், சின்னத் துவாரத்தின் ஓரத்தில் வெளிச்சம் வளைந்து பரவும் விளிம்பு விளைவால் எல்லாமே ஒரே சீராக மங்கும். எஃப்/8ல் வைத்து, ஃபோகஸை அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக நகர்த்தி, இருபது இருபத்தைந்து படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் மாதிரி மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் இப்போதைய வழக்கம். இப்படிச் சேர்க்கும்போது முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை லைட் கடுகளவும் மாறக்கூடாது, அங்கேதான் ஜன்னல் காலை வாரும், நடுவில் ஒரு மேகம் போனால் தீர்ந்தது. ஃபேனை அணைத்துவிடுங்கள், ஹேக்கிள் நுனி ஆடுவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் ஒவ்வொரு நாரும் இரண்டிரண்டாக வரும்போதுதான் தெரியும். மரத்தளம் போட்ட பழைய பங்களா என்றால் எடுக்கும்போது யாரையும் நடக்கவிடாதீர்கள். ட்ரைபாட், இரண்டு வினாடி டைமர், ஐஎஸ்ஓ 100 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படமும் அரை வினாடி எடுத்தாலும் குற்றமில்லை, அதனால்தான் பெரிய லைட் வேண்டாம் என்கிறேன். நாரும் நாரும் குறுக்கே போகும் இடங்களில் மென்பொருள் குழம்பி ஓரங்களில் பேய் நிழல் விடும், ஜெரீனில் பிமேக்ஸ் என்ற வழி முடி விஷயத்தில் மற்றதைவிடப் பரவாயில்லை, பதிலுக்குக் கொஞ்சம் புள்ளி கூடும்.

எல்லா நாரும் தெளிவாகத் தெரியத்தான் வேண்டுமா என்றால், அது என் ருசி சார்ந்தது, விதி இல்லை. முழுக்கச் சேர்த்த படம் எனக்கு ஊசி குத்திக் காயவைத்த பூச்சி மாதிரி தெரிகிறது. நான் முன்பாதி ஹேக்கிளையும் உடம்பையும் மட்டும் சேர்த்துவிட்டு, பின்பாதியை மங்க விட்டுவிடுவேன். நண்பருக்கு இது பிடிக்காது, எண்ணிப் பார்க்க முடியவில்லை என்பார். கட்டும் முறையைச் சொல்லிக்கொடுக்க எடுப்பதென்றால் அவர் சொல்வதுதான் சரி.

ஃபோனில்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். மேக்ரோ மோட் பல ஃபோன்களில் அகலக்கோண லென்ஸுக்குத் தாவிவிடும், ஃப்ளையிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் போய் நிற்கும், ஃபோனே நிழல் போடும், லைட் நுழைய இடமே இருக்காது. அதை அணைத்துவிட்டு இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமில் பின்னால் வந்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் எல்லோரும் சிபாரிசு செய்வதற்கும் இதே காரணம்தான், 1:1லேயே லென்ஸ் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவில் அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலான இடம் கிடைக்கும், அந்த இடத்தில்தான் பேப்பரும் கண்ணாடியும் நிற்கப் போகின்றன. எல்இடியில் ஃபோன் திரையில் பட்டை பட்டையாக ஓடினால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்ப் வினாடிக்கு நூறு தடவை துடிக்கிறது என்று அர்த்தம். ஷட்டரை 1/50 அல்லது 1/25ல் வைத்தால் போய்விடும்.

கடைசியாக அந்த ரிங் லைட். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நடுவில் இருக்கும் ஃபோன் பிடியைக் கழற்றுங்கள், வளையத்தை ஃப்ளையின் தலைக்கு மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி, கவிழ்த்துத் தொங்கவிடுங்கள், கீழே ட்ரேசிங் பேப்பரை வில்லாக வளையுங்கள். வளையம் பேப்பரில் பட்டு ஒரே வெளிர் தட்டாகிவிடும், பேப்பரில் வளையத்தின் உருவம் இன்னும் தெரிந்தால் இரண்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள். அதில் அந்த மணி நிம்ஃபையும் கறுப்பு ஃப்ளையையும் ஒரு தடவை எடுத்து இங்கேயே போடுங்கள். ஃப்ளையைப் பிடித்திருக்கும் வைஸின் வாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிட்டு எடுங்கள், போன படத்தில் ஃப்ளையைவிட அதுதான் பளபளவென்று இருந்தது.